ஏஐ வீடியோவில் புடவை விற்கிறீர்களா?

வீட்டிலிருந்தே புடவை விற்பவர்கள் பலர் இப்போது ரீல்ஸுக்கு ஏஐ வீடியோ செய்கிறார்கள். நல்ல வழிதான். ஆனால் புடவையை மட்டும் ஏஐயிடம் விட்டுவிடாதீர்கள். போட்டோவைக் கொடுத்து அசைக்கச் சொன்னால், கரையின் அகலம் மாறிவிடலாம், முந்தானையில் இல்லாத மயில் முளைக்கலாம். நம்பிப் பணம் கட்டியவர் கைக்குப் போவதோ வேறு புடவை! 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு அபராதமும் உண்டு.

புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் போனிலேயே வீடியோ எடுங்கள். தொடக்கத்தில் வரும் மண்டபம், மழைத் தெரு போன்ற காட்சிகளுக்கு ஏஐ போதும். கூகுளின் வியோ போன்ற கருவிகள் ஒரு தடவைக்குச் சில நொடிகளே தரும். அதனால் ஒரு வீடியோ துண்டுக்கு ஒரே அசைவைக் கேளுங்கள். 9:16 செங்குத்து வடிவம் வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தமிழ் எழுத்தை ஏஐ எழுதினால் கொம்பும் காலும் இடம் மாறலாம். விலையையும் கடைப் பெயரையும் எடிட்டிங் ஆப்பில் நீங்களே சேர்த்துவிடுங்கள்.

காட்சி நிஜம்போல இருந்தால், யூடியூபில் ஏற்றும்போது அது செயற்கையாக உருவாக்கியது என்று தெரிவிக்க வேண்டும். நடிகையின் முகமோ குரலோ அனுமதியில்லாமல் வேண்டவே வேண்டாம்.