பட்டுச்சேலை ஆர்டர் எழுதுவது எப்படி?

காஞ்சிபுரத்தில் பட்டுக் கடையிலோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்திலோ ஆர்டர் எழுதும் வேலையில் சேரப்போகிறீர்களா? கல்யாணச் சேலை நெய்யச் சொல்லி வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் முந்தானையைப் பற்றித்தான் பேசுவார்கள். பொறுமையாகக் கேளுங்கள். ஆனால், சீட்டில் தறி கேட்கும் வரிசையில் எழுதுங்கள்.

முதல் வரி, பாவின் (நீளவாட்டு இழைகளின்) நிறம். தறியில் ஏறிய பிறகு அதை மாற்ற வழியில்லை. பொதுவாக ஒரு பாவில் மூன்று சேலை இறங்கும். ஒருவருக்கு மட்டும் தனி நிறம் என்றால் மீதி இரண்டு யாருக்கு என்பதை அன்றே பேசி முடியுங்கள். அக்காவுக்கு, நாத்தனாருக்கு என்று பெரும்பாலும் அதே வீட்டில் ஆள் இருக்கும். குறுக்கே ஓடும் ஊடை இழையின் நிறத்தை மாற்றினால் மூன்றும் வெவ்வேறு சாயலில் வரும். மயில்கழுத்து, மாந்துளிர் என்று பெயர் சொல்லி விட்டுவிடாமல், சாயம் போட்ட நூல் சிட்டத்தைக் கடை வாசலுக்கு எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் காட்டுங்கள். போன் படத்தை நம்பி நிறம் எழுதவே கூடாது.

அடுத்தது கரை. உடலும் கரையும் வேறுவேறு நிறமாகத் துல்லியமாகப் பிரிய வேண்டுமானால் கோர்வை. அதற்கு மூன்று நாடா ஓடும். நெசவாளருக்குத் துணையாக இன்னொருவரும் தறியில் உட்கார வேண்டும். கூலியும் நாளும் கூடுவது இதனால்தான். முந்தானையும் மாறுநிறத்தில் கேட்டால் பிட்னி: உடல் பாவின் இழைகளோடு புது நிற இழைகளைக் கையால் பிணைத்துச் சேர்ப்பார்கள். வாடிக்கையாளரிடம் ஒரு சேலையைப் புரட்டி அந்த இணைப்பை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். விலை ஏன் ஏறுகிறது என்று அதற்குமேல் விளக்கத் தேவையிருக்காது.

ஜரிகையில்தான் உங்கள் நேர்மை தெரியும். அசல் ஜரிகை என்பது பட்டு இழைமேல் வெள்ளித் தகட்டைச் சுற்றித் தங்க முலாம் பூசியது. ஹாஃப் ஃபைன், டெஸ்டட் என்ற விலை குறைந்த ரகங்களும் சந்தையில் உண்டு. அவற்றை விற்பதில் தவறில்லை, சொல்லாமல் விற்பதுதான் தவறு. சில்க் மார்க் முத்திரை பட்டுக்குத்தான் உத்தரவாதம், ஜரிகைக்கு அல்ல. எந்த ரகம் என்று பில்லில் எழுதுங்கள். சந்தேகப்படுகிறவர்களுக்கு எக்ஸ்ரே கருவியில் சோதித்துக் காட்டுங்கள். எடையையும் கேளுங்கள்: கட்டப்போவது இருபது வயதுப் பெண்ணா, அறுபது வயது அம்மாவா? கரை முழுக்க ஜரிகை அடைத்த சேலை அந்த அம்மாவுக்குப் பாரம். பெரும்பாலும் பீரோவிலேயே கிடக்கும்.

டிசைனுக்கு வரதராஜப் பெருமாள் கோயில் தூண் யாளியைப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். ஆசை நியாயமானதுதான். ஆனால், தறியில் டிசைன் எழுப்பும் ஜக்கார்டு கருவிக்கு எல்லாம் கட்டங்களாக வரைந்தாக வேண்டும். யாளியின் பிடரி சின்ன அளவில் படிக்கட்டு மாதிரி உடையும். அதைப் பெரிதாக்கி முந்தானைக்கு மாற்றச் சொல்லுங்கள். கரைக்கு ருத்திராட்சம், மயில்கண், தாழம்பூ ரேக்கு போன்ற பழைய டிசைன்கள் எப்போதும் கைகொடுக்கும். புது டிசைனுக்கு ஜக்கார்டு அட்டை அடிக்கும் செலவையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

குஞ்சம், ரவிக்கைத் துணி, ஆறு கஜமா மடிசாருக்கு ஒன்பது கஜமா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். நீளம் பாவு ஓட்டும்போதே முடிவாகிவிடும்.

தேதி கொடுப்பதில் தாராளம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போட முடியாது. குழித்தறியில் நீர் ஊறும். தை முகூர்த்தத்துக்கு ஆடியிலேயே ஆர்டர் வாங்குங்கள்.

இந்த வேலையில் மேலே வர நினைப்பவர்களுக்குச் சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தின் டிப்ளமோ படிப்பு இருக்கிறது. காஞ்சிபுரத்திலேயே நெசவாளர் சேவை மையம் இருக்கிறது. சேர்ந்த முதல் மாதமே பிள்ளையார்பாளையத்தில் ஒரு தறிக்குப் பக்கத்தில் போய் உட்காருங்கள். நீங்கள் எழுதும் சீட்டை அந்த நெசவாளரிடம் ஒருமுறை படித்துக் காட்டுங்கள். எந்த வரி அவருக்குப் புரியவில்லையோ, அதை அங்கேயே திருத்துங்கள்.