வளவுக் குளத்துக்கு எந்த வடிகட்டி?

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் புது வீடு கட்டுகிறவர்கள் பலர் வளவில் சின்ன மீன்குளம் ஒன்றும் கட்டிக்கொள்கிறார்கள். நல்ல ஆசைதான். ஆனால் தெரிவு செய்யும் விதம் மனதுக்குக் கவலை தருகிறது. போனில் கொய் மீன் நீந்தும் வீடியோவைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். அல்லது கட்டாரில் இருக்கும் மகன், "இந்த ஃபில்டரைத்தான் வைக்கணும் உம்மா" என்று ஒரு பெட்டியை அனுப்பிவிடுகிறார். நம் நிலத்தில் எத்தனை அடியில் தண்ணீர் நிற்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

முதலில் வடிகால். நம்முடையது தட்டையான மணல் கரை. மாரியில் நிலத்தடி நீர் மேலே ஏறிவிடும். தோண்டிப் புதைத்த ஃபைபர் தொட்டியை அந்த நேரத்தில் கழுவுவதற்காக வெறுமையாக்கினால், கீழேயுள்ள நீர் அதை அப்படியே மேலே தூக்கும். அடியில் வடிகுழாய் வைத்தாலும் தண்ணீர் ஓடிப்போகப் பள்ளம் இல்லை. ஆகவே குளத்தை நிலத்துக்கு மேலே இரண்டடிச் சுவர் வைத்துக் கட்டுங்கள். அடியோரம் ஒரு குழாய், மேல்மட்டத்தில் வலை போட்ட வழிகுழாய் ஒன்று. இரண்டும் வாழைக்கும் தென்னைக்கும் போகட்டும். மலசலகூடக் குழியோடு ஒருபோதும் இணைக்காதீர்கள். மாரியில் அது எதிர்த்து வரும். பத்தடிக்கு ஆறடிக் குளத்தில் 100 மில்லிமீற்றர் மழை பெய்தால் 550 லீற்றருக்கு மேல் கூடும். கூரைத் தண்ணீரும் சேர்ந்தால் மீன் வீதிக்கு வந்துவிடும்.

வடிகட்டியில் சில எல்லாரும் அறிந்தவை. மீன் நாலைந்து என்றால் அல்லியும் கப்பி மீனும் போதும். கப்பி நுளம்புக் குடம்பியைத் தின்னும். 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி நுளம்பு பெருக இடம் கொடுப்பது குற்றம் என்பதையும் நினைவில் வையுங்கள். தினமும் கிணற்றுத் தண்ணீரை மாற்றுவதை நான் விரும்பவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு நம் கிணறுகள் எப்படி உப்பேறின என்று கண்டவர்கள் நாம். கரையோர நன்னீர் உப்புநீரின் மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கிறது. கண்டபடி இறைத்தால் உப்பு மேலே வரும்.

நான் எச்சரிக்க விரும்புவது, யூவி விளக்கோடு வரும் மூடிய பிரஷர் ஃபில்டரைப் பற்றி. இரண்டு நாளில் பச்சைத் தண்ணீர் தெளிந்துவிடும் என்று விற்கிறார்கள். சில நாளில் தெளியும் என்பது உண்மை. யூவி மிதக்கும் பாசியைக் கொல்லும். ஆனால் பாசிக்கு உணவான கழிவு குளத்திலேயே இருக்கும். கல்லில் ஒட்டிய நூல்பாசியை அது தொடாது. நஜீஸ் என்னும் அசுத்தம் விழுந்த தண்ணீர் இரண்டு குல்லத் என்ற அளவுக்கு மேல் இருந்தால், நிறம், சுவை, மணம் பார்த்து முடிவு செய்யலாம் என்பது ஷாபிஈ மத்ஹப் படித்த பிள்ளைக்குத் தெரியும். மீன்குளத்துக்கு அந்த மூன்றும் போதாது. மீன் கழிவிலிருந்து வரும் அமோனியாவுக்கு நிறமே இல்லை. கண்ணாடி போன்ற தண்ணீரிலும் மீன் சாகும். அமோனியாவை முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றுவது பக்டீரியா; அதற்கு ஒட்சிசன் வேண்டும். கரண்ட் நின்றால் மூடிய டிரம்முக்குள் சில மணித்தியாலத்தில் அது சாகத் தொடங்கும். மீண்டும் கரண்ட் வந்ததும் அழுகிய தண்ணீர் குளத்துக்குள் பாயும். 2022 மார்ச் கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டைக் கண்ட நாட்டில் இதை நம்பலாமா? யூவி பல்பின் வலுவும் ஏறத்தாழ ஒரு வருடத்தில் குறைந்துவிடும். வெளிச்சம் தெரிவதால் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

என் தெரிவு திறந்த சல்லித் தொட்டி. என் வளவில் இருப்பதும் அதுவே, ஆகவே என் பேச்சில் பட்சம் இருக்கும். குளத்தின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு, ஒன்றரை அடி ஆழம், குளத்தைவிட உயரம். அரை அங்குலச் சல்லி போடுங்கள், கடல் மணல் வேண்டாம். சின்ன மோட்டாரால் தண்ணீரை மேலே ஊற்றி, அடியோரக் குழாயால் குளத்தில் விழவிடுங்கள். கரண்ட் போனாலும் சல்லி ஈரமாகவும் காற்றோட்டமாகவும் இருக்கும், பக்டீரியா தாங்கும். தண்ணீர் விழும் வாயில் உப்புப் போகக் கழுவிய பழைய நைலோன் வலையைச் சுருட்டி வைத்தால் சேறு அதில் நிற்கும். அதைக் குளத்துத் தண்ணீரிலேயே அலசுங்கள். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீர் பக்டீரியாவைக் கொல்லும். சல்லியில் பன், வல்லாரை, கங்குன் நடலாம்.

இந்தத் தொட்டி தயாராக நாலு முதல் ஆறு கிழமை எடுக்கும். அதுவரை தண்ணீர் பச்சையாகலாம், கலங்கலாம். அவசரப்பட்டு எல்லாவற்றையும் கழுவிவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். காலையில் பத்து நிமிடம் மீனைப் பார்த்து நிற்கும் பொறுமை உள்ளவருக்குத்தான் குளம். அது இல்லாதவர் ரோஜாச் செடி வைக்கலாம், அதில் குறைவு ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்: அடுத்த வீட்டைப் பார்த்தல்ல, தன் நிலத்தையும் தன் குணத்தையும் பார்த்துத் தெரிவு செய்யட்டும்.

மேசனைக் கூப்பிட முன் ஒரு வேலை செய்யுங்கள். வளவின் மூலையில் மூன்றடிக் குழி தோண்டி, விழாமல் மூடி வைத்து, கார்த்திகையிலும் மார்கழியிலும் அதில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று அளந்து பாருங்கள். அதன் பிறகு சீமெந்து வாங்குங்கள்.