விழாநாள் சுங்கக் கட்டண விலக்கும் பேருந்துப் பயணியும்

பொங்கல், ஓணம், தீபாவளி ஆகிய விழாக்களை ஒட்டிய நாள்களில் சுங்கச்சாவடிகளில் கார்கள் நீண்ட வரிசையில் நிற்பதும், அந்நாள்களிலாவது கட்டணத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுவதும் வழக்கமாகிவிட்டன. கோரிக்கை எளியதாகத் தோன்றினும் அதனுள் இரு வினாக்கள் அடங்கியுள்ளன. விலக்கினால் நெரிசல் குறையுமா என்பது ஒன்று. கைவிடப்படும் வருவாயை ஈடுசெய்வது யார், பயன் யாரைச் சேர்கிறது என்பது மற்றொன்று. முதல் வினாவே பெரிதும் பேசப்படுகிறது. இரண்டாவதைப் பற்றிப் பேசுவோர் குறைவு.

இத்தகைய விலக்கை மிக விரிந்த அளவில் நடைமுறைப்படுத்திய நாடு சீனா. 2012ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசு வகுத்த விதியின்படி வசந்த விழா, முன்னோரை வழிபடும் சிங்மிங் நாள், மே தினம், தேசிய தினம் ஆகிய நான்கு விடுமுறைகளில், 7 அல்லது அதற்குக் குறைந்த இருக்கைகள் கொண்ட பயணியர் ஊர்திகள் கட்டணமின்றிச் செல்லலாம். போக்குவரத்தை விரைவுபடுத்துவதும் நோக்கங்களுள் ஒன்றெனக் கூறப்பட்டது. ஆனால் அவ்வாண்டின் தேசிய தின விடுமுறையில் விலக்கு முதன்முறையாக நடைமுறைக்கு வந்தபோது, பல விரைவுச் சாலைகளில் கடும் நெரிசல் ஏற்பட்டது. விரைவுச் சாலையை விட்டு ஊர்தி வெளியேறும் நேரமே கணக்கில் கொள்ளப்படும் என்பது விதியின் ஒரு கூறு. ஆகவே விலக்கு தொடங்கும் நள்ளிரவுக்குச் சற்று முன்னர் வாயிலை நெருங்கியவருக்குக் காத்திருப்பதே இலாபமாயிற்று.

இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. விழாநாளில் பற்றாக்குறையாக இருப்பது சாலையின் இடம். அதன் விலையைச் சுழியாக்கினால் தேவை பெருகும்; பணமாகச் செலுத்தாத விலையைப் பயணி நேரமாகச் செலுத்த நேரிடும். ஜப்பானில் 2009 மார்ச் முதல் 2011 ஜூன் வரை, மின்னணு முறையில் கட்டணம் செலுத்தும் கார்களுக்கு வார இறுதி, விடுமுறை நாள்களில் 1,000 யென் உச்சவரம்பு விதிக்கப்பட்டபோதும் நெரிசல் மிகுந்தது. சில்லறை எண்ணிக் கட்டணம் பெற்ற காலத்தில் விலக்கு வரிசையைக் கரைக்கும் என்ற வாதத்தில் ஓரளவு உண்மை இருந்தது. இந்தியாவில் 2021 பிப்ரவரியில் பாஸ்டேக் கட்டாயமாக்கப்பட்ட பின்னர் அவ்வாதம் வலுவிழந்துவிட்டது.

மலேசியாவின் அனுபவம் தமிழருக்கு நெருக்கமானது. 2023இல் தீபாவளிக்கு முந்தைய இரு நாள்கள் அங்கு நெடுஞ்சாலைக் கட்டணம் தள்ளுபடி செய்யப்பட்டது. சலுகை முதல் வகுப்பு ஊர்திகளுக்கு, அதாவது தனியார் கார்களுக்கு, மட்டுமே உரியது. பேருந்து வேறு வகுப்பைச் சேர்ந்தது. சாலை நிறுவனங்களின் இழப்பை அரசே ஈடுசெய்தது. 2025ஆம் ஆண்டு முதல் விழாக்காலச் சலுகை முழு விலக்காக அன்றி 50 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. கருவூலத்திற்கு எல்லை உண்டு என்பதை அங்கும் உணர நேர்ந்தது.

நம் நாட்டில் தேசிய நெடுஞ்சாலைக் கட்டணம் 2008ஆம் ஆண்டு விதிகளால் நிர்ணயிக்கப்படுகிறது. 2007–08ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்டு, கிலோமீட்டருக்குக் காருக்கு 65 பைசாவும், பேருந்துக்கு 2 ரூபாய் 20 பைசாவும் விதிக்கப்பட்டு, ஆண்டுதோறும் உயர்த்தப்பட்டு வருகின்றன. காரில் நால்வர் செல்வதாகக் கொண்டால் தலைக்கு ஏறத்தாழ 16 பைசா. பேருந்தில் ஐம்பதின்மர் செல்வதாகக் கொண்டால் 4 பைசாவுக்குச் சற்று மேல். காருக்கு மட்டும் விலக்கு அளிப்பின், சாலையின் இடத்தை மிகுதியாகப் பயன்படுத்துவோருக்கே சலுகையும் மிகுதியாகக் கிடைக்கிறது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் அகத்தியர்கூட மலையடிவாரத்திலுள்ள போனக்காட்டை எடுத்துக்கொள்ளலாம். தேயிலைத் தோட்டம் நலிவுற்ற பின்னரும் அங்குள்ள லயங்களிலேயே தங்கிவிட்ட தமிழ்த் தொழிலாளர் குடும்பம் ஒன்று பொங்கலுக்குத் திருநெல்வேலி செல்கிறது எனக் கொள்வோம். மலையிலிருந்து விதுரா, நெடுமங்காடு வழியாகத் திருவனந்தபுரத்திற்குப் பேருந்து. அங்கிருந்து நாகர்கோவில் வழியாக மற்றொரு பேருந்து. நாங்குநேரிச் சுங்கச்சாவடியில் கார்களுக்குக் கட்டணம் இல்லையென்று அன்று அறிவிக்கப்பட்டிருப்பின், இக்குடும்பத்திற்கு அதனால் விளையும் பயன் யாதுமில்லை. கார்கள் பெருகிய சாலையில் பேருந்து தாமதமாகும். பேருந்து செலுத்தும் சுங்கமோ பயணியின் கட்டணத்திலிருந்தோ மாநிலக் கருவூலத்திலிருந்தோ வந்தாக வேண்டும்.

இச்சுமை சிறிதன்று. கப்பலூர், எட்டூர்வட்டம், சாலைப்புதூர், நாங்குநேரி ஆகிய நான்கு சாவடிகளுக்கும் தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் செலுத்த வேண்டிய நிலுவை ஏறத்தாழ 276 கோடி ரூபாய் என்ற வழக்கில், அச்சாவடிகள் வழியே அரசுப் பேருந்துகளை அனுமதிக்க வேண்டாமெனச் சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூலையில் ஆணையிட்டது. அரசு அவகாசம் கோரியதால் ஆணை நடைமுறைக்கு வராமல் தள்ளிவைக்கப்பட்டது. பேருந்துகள் திருப்பிவிடப்பட்டிருப்பின் தென்மாவட்டப் பயணிகளின் நிலை என்னவாகியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

மகாராஷ்டிர அரசு கடைப்பிடிக்கும் முறை இவ்வகையில் மேம்பட்டது. விநாயகர் சதுர்த்திக்குக் கொங்கணம் செல்லும் ஊர்திகளுக்கு அம்மாநிலம் அளிக்கும் விலக்கு அரசுப் பேருந்துகளுக்கும் உண்டு. ஆயினும் ஊர்தி எண் குறித்த அனுமதிச் சீட்டைக் காவல் துறையிடமோ போக்குவரத்து அலுவலகத்திலோ பெற வேண்டியிருப்பது ஒரு குறையே.

கார் உடையோருக்கு வேறு வழியும் திறந்துள்ளது. 2025 ஆகஸ்ட் 15இல் 3,000 ரூபாய் விலையில் அறிமுகமான ஆண்டு அனுமதி, வணிகநோக்கற்ற கார், ஜீப், வேன்களுக்கு ஓராண்டு அல்லது 200 பயணங்கள் வரை செல்லும். அவ்விலையில் பயணத்திற்கு 15 ரூபாயே ஆயிற்று. விழாநாளிலும் அது பயன்படும். பேருந்துக்கு இத்திட்டத்தில் இடமில்லை. விழாக்காலச் சலுகைக்கென ஒரு தொகையை ஒதுக்க அரசுகள் முன்வருமாயின் அதனைப் பேருந்துக்கே முதலில் வழங்குவது பொருந்தும். பாஸ்டேக் பதிவில் ஊர்தியின் வகை ஏற்கெனவே குறிக்கப்பட்டிருப்பதால் இதற்குத் தனிச்சீட்டு தேவையில்லை. எத்தனை பேருந்துகள் எந்நாளில் எச்சாவடியைக் கடந்தன என்ற கணக்கைக் கொண்டே சாலை நிறுவனத்திற்கு உரிய ஈட்டுத்தொகையையும் தீர்க்கலாம்.