ஐம்பதுக்கு மேல் நெடுந்தூர சைக்கிளா? முதல்ல ஓய்வெடுக்கக் கத்துக்குங்க!

ஞாயித்துக்கிழமை 200 கிலோமீட்டர் பிரெவே (நேர வரம்புக்குள்ள முடிக்கிற நெடுந்தூர ரைடு) முடிச்சாச்சு. செவ்வாய்க்கிழமை விடியறதுக்குள்ள மறுபடி ஹெல்மெட்டைத் தேடுறீங்களா? வெச்சிட்டு வந்து உட்காருங்க. ஐம்பது தாண்டின உடம்பு ஓட்டுறதுக்கு அஞ்சாது. மீண்டு வரத்தான் நாள் கேட்கும். அந்த நாளைக் கொடுக்காம, "வயசாயிடுச்சு, இனிமே முடியாது"ன்னு நல்ல சைக்கிளை வித்துடறவங்களைப் பார்த்தா எனக்கு மனசே ஆறாது.

1. நீண்ட ரைடுக்கு அப்புறம் மூணு நாளாவது கடுமையா மிதிக்காதீங்க. நடங்க, இல்லைன்னா அரைமணி நேரம் மெதுவா ஓட்டுங்க. மூணு வாரம் ஏத்தி ஒரு வாரம் குறைக்கிறது இளசுங்க கணக்கு. உங்களுக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு இலகு வாரம் வேணும்.

2. காலையில படுக்கையிலேயே ஒரு நிமிஷம் நாடியை எண்ணுங்க. வழக்கத்தைவிட ஏழெட்டு கூட இருந்து, தூக்கமும் சரியில்லைன்னா, அன்னிக்கு சைக்கிளை எடுக்க வேண்டாம். ஒரு எச்சரிக்கை: பீட்டா பிளாக்கர் வகை பிரஷர் மாத்திரை இதயத்துடிப்பை அடக்கி வைக்கும். அதைச் சாப்பிடறவங்க வாட்ச் காட்டுற எண்ணை நம்பாதீங்க. ஓட்டும்போது மூச்சு வாங்காம பேச முடியுதான்னு பாருங்க.

3. எல்லா நாளும் வேகம் காட்டாதீங்க. பிரான்சில் ராபர்ட் மார்ஷான்னு ஒரு பெரியவர். 2017-ல, 105 வயசுல, ஒரு மணி நேரத்துல 22.547 கி.மீ. ஓட்டினார். 101-லிருந்து 103 வயசுக்குள்ள அவர் உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்துற திறன் 13 சதவீதம் கூடியிருந்தது. பயிற்சி என்னன்னு கேட்டீங்களா? பத்துல எட்டு பங்கு இலகுவா, ரெண்டு பங்கு மட்டும் கஷ்டமா. நீங்க என்னடான்னா பக்கத்துல போற பையனோட தினமும் போட்டி! பிரெவேயில 200 கி.மீ.க்கு பதின்மூன்றரை மணி நேரம் கொடுக்கிறாங்க. நிற்கிற நேரத்தையும் சேர்த்து சராசரி 15 கி.மீ.கூட தேவையில்லை.

4. தாகம் எடுக்கட்டும்னு காத்திருக்காதீங்க. வயசானா தாகம் தாமதமாத்தான் தெரியும். அதுக்காக வெறும் தண்ணியைக் குடம் குடமா குடிக்கிறதும் தப்பு, ரத்தத்துல சோடியம் இறங்கிடும். இளநீர்ல பொட்டாசியம் இருக்கு, உப்பு குறைவு. உப்புப் போட்ட மோரோ ஓஆர்எஸ்ஸோ கையில இருக்கட்டும். பிரஷர், சிறுநீரகப் பிரச்சினை இருக்கிறவங்க அளவை டாக்டர்கிட்ட கேட்டுக்கங்க.

5. முடிச்சதும் ரெண்டு இட்லி, காபின்னு ஒப்பேத்தாதீங்க. வயசான தசைக்கு ஒரு வேளையில கூடுதல் புரதம் வேணும். ரெண்டு முட்டை, ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு கப் தயிர். மூணும் சேர்ந்தா 30 கிராம் பக்கம் வந்துடும். கடலையை முந்தின நாள் ராத்திரியே ஊறவெச்சிட்டுக் கிளம்புங்க, வீட்டில இருக்கிறவங்க குக்கர்ல வெச்சுடுவாங்க.

6. வலி மாத்திரை போட்டுக்கிட்டு ஓட்டவே கூடாது. தண்ணி வத்தின உடம்புல ஐபுப்ரோஃபென் மாதிரி மாத்திரை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வலி எதனால வருதுன்னு பாருங்க. முட்டியின் முன்பக்கம் வலிச்சா சீட் உயரம் குறைவா இருக்கலாம்.

7. 400, 600 கி.மீ. பிரெவே முடிச்சிட்டு நீங்களே கார் ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போகாதீங்க. தூக்கம் கெட்ட கண்ணோட காரா? மகனையோ மகளையோ வரச் சொல்லுங்க, இல்லைன்னா அங்கேயே தூங்கி எழுந்து கிளம்புங்க.

8. வாரம் ரெண்டு நாள் எடை தூக்குங்க. சைக்கிள் மட்டும் ஓட்டினா எலும்புக்குப் போதிய வேலை கிடைக்காது.

நெஞ்சுல அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவுற வலி, திடீர்னு தலைசுற்றல், வழக்கமில்லாத மூச்சிரைப்பு, இதுல எது வந்தாலும் "இன்னும் பத்து கிலோமீட்டர்தானே"ன்னு தள்ளாதீங்க. உடனே இறங்கி உட்கார்ந்து 108-க்குப் போன் போடுங்க.