சாம்பல் நோயும் திக்லிபூர்த் தோட்டமும்

அந்தமானில் மழைக்குக் குறைவில்லை; ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் பெய்கிறது. ஆயினும் வடகோடியிலுள்ள திக்லிபூரில் சனவரி முதல் ஏப்பிரல் வரை வறட்சியே. நெல் அறுத்த வயலில் பூசணியும் வெள்ளரியும் வெண்டையும் பயிராவது அந்நாட்களில்தான். மழையற்ற காலத்தில் பூசண நோய் வருமோ என ஐயுறலாம். வரும்; சாம்பல் நோயின் விந்தை அதுவே.

பூசண வித்துக்களிற் பெரும்பாலானவை முளைப்பதற்கு இலைமீது நீர் நிற்கவேண்டும். இந்நோயின் வித்தோ தனக்கு வேண்டிய நீரைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. காற்றின் ஈரமே அதற்குப் போதும். இலைமேல் நீர் தேங்கினால் அதற்குக் கேடு. முளைத்தபின் வெண்பொடி தூவினாற்போல் இலையிற் படர்ந்து, மேல்தோலின் உயிரணுக்களுக்குள் உறிஞ்சிகளைச் செலுத்திச் சத்தை உண்ணும். இலை காய்ந்தால் காய் சிறுக்கும். நிழலிழந்த காயை வெயில் சுடும்.

அடிச்சாம்பல் நோயோடு இதனை மயங்கலாகாது. பெயரில் உறவே தவிர இனத்தில் இல்லை. அது ஈரத்தை விரும்புவது. வெள்ளரி இலையின் மேற்புறம் நரம்புகளுக்கிடையே கோணலான மஞ்சட் புள்ளிகளும், அடிப்புறம் மங்கிய ஊதாப் பூச்சும் காணும். கந்தகம் அதனை அடக்காது. ஆகவே, கடைக்குப் போகுமுன் இலையைத் திருப்பிப் பார்க்கவேண்டும். மருந்து கப்பலேறி வரும் தீவில், தவறான மருந்து வாங்கினால் பணத்தோடு பருவமும் போகும். மிளகாய் மட்டும் விதிவிலக்கு: அங்கே சாம்பல் நோய்ப் பூசணம் இலைக்குள் புகுந்து, அடிப்புறத்திலேயே பொடியைக் காட்டும்.

இங்கிலாந்தின் மார்கேட் நகரில் 1845இல் திராட்சைக் கொடியில் இந்நோயினம் ஒன்றைக் கண்ட தோட்டக்காரர் எட்வர்ட் டக்கர் கந்தகத்தையே நாடினார். இன்றும் வெண்டைக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம் போதும். பூசணி இனக் கொடிகள் சில அதனாற் கருகும். ஓரிரு இலைகளிற் சோதித்தபின், வெயில் தாழ்ந்ததும் தெளிக்கவேண்டும். வேப்பெண்ணெய் தெளித்த இரு வாரத்துக்குள் கந்தகம் கூடாது.

பிரேசிலில் வாக்னர் பெட்டியோல் என்பார் சுக்கினிச் செடியில் நீர் கலந்த பசும்பாலைத் தெளித்து நற்பயன் கண்டதை 1999இல் வெளியிட்டார். பத்தில் ஒரு பங்கு பால் போதுமாம். வீட்டுப் பந்தலுக்கு ஏற்றது. ஏக்கர்க்கணக்கில் தெளித்தால் பாலுக்கே கடன்பட நேரும்!

எந்த மருந்தும் பொடி இலையை மூடுமுன்னரே பயன்படும். முதற்புள்ளி நிழலிலுள்ள முதிர்ந்த கீழிலைகளிலேயே பெரும்பாலும் தோன்றும். கொடிகளை நெருங்க நடாது, வாரம் இருமுறை அவ்விலைகளைப் பார்த்து, புள்ளி கண்ட இலையைக் கிள்ளிப் புதைத்துவிட்டு அன்றே தெளிப்பைத் தொடங்கலாம்.