பாட்டரியைச் சார்ஜ் செய்யும் முறை: அங்கத்தினர்க்கு ஒரு பாடம்

மின்சாரத்தைச் சேர்த்து வைத்து, வேண்டியபொழுது திரும்பத் தரும் சாதனத்திற்குப் பாட்டரி என்று பெயர். அறுவடைக் காலத்தில் நெல்லைக் குதிரில் கொட்டி வைத்துப் பின்னர் எடுத்து உண்பது போன்றது இதன் உபயோகம். ஆயினும் குதிருக்கும் பாட்டரிக்கும் ஒரு பேதம் உண்டு. குதிரில் உள்ள நெல் நெல்லாகவே இருக்கும். பாட்டரிக்குள் மின்சாரம் மின்சாரமாக இருப்பதில்லை. அது ரசாயன மாறுதலாக உருமாறித் தங்குகிறது. அம்மாறுதலில் உடலைப் புண்ணாக்கும் திராவகமும், வெடிக்கும் தன்மையுள்ள வாயுவும் சம்பந்தப்பட்டிருக்கின்றன. ஆகையால் பாட்டரியைக் கையாளுவோர் அதன் இயல்பைத் தெரிந்துகொள்ளுதல் அவசியமாகும்.

ஈயத் தகடுகளாலாகிய பாட்டரியை 1859-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்தவரான காஸ்தோன் பிளாந்தே என்பவர் கண்டுபிடித்தார். 1881-ஆம் ஆண்டில் அத்தேசத்தவரான காமீல் ஃபோர் என்பவர் தகடுகளின்மேல் ஈயக் கலவையைப் பூசும் முறையைக் கண்டபின், இது பெருவாரியாகச் செய்யப்படலாயிற்று. இந்நாளில் டிராக்டரைக் கிளப்புவதற்கும், மின்சாரம் நின்றபொழுது சங்கக் கட்டிடத்தின் விளக்கையும் கம்ப்யூட்டரையும் இயக்குவதற்கும், சூரிய வெளிச்சத்தால் எரியும் விளக்குகள் பலவற்றிற்கும் இதுவே துணை. எனவே சார்ஜர் என்னும் கருவி கிராமங்களிலும் சாதாரணமாகக் காணப்படுகிறது.

உள்ளமைப்பு

12 வோல்ட் பாட்டரியில் 6 அறைகள் உண்டு. ஒவ்வோர் அறையும் ஏறக்குறைய 2 வோல்ட் தரும். அறைக்குள் இருவகைத் தகடுகள் மாறி மாறி நிற்கின்றன. சார்ஜ் நிறைந்த நிலையில் ஒருவகைத் தகடு செம்மண்ணிலும் கறுத்த பழுப்பு நிறமாகவும், மற்றொன்று சாம்பல் நிறமாகவும் இருக்கும். இவற்றைச் சுற்றிக் கந்தகத் திராவகம் கலந்த நீர் நிரம்பியுள்ளது. பாட்டரியிலிருந்து மின்சாரத்தை எடுக்க எடுக்க, திராவகத்திலுள்ள கந்தகச் சத்து தகடுகளிற் படிகிறது, நீர் சப்பென்றாகிறது. சார்ஜ் செய்யும்பொழுது அச்சத்து தகடுகளை விட்டு நீங்கி மறுபடியும் நீரிற் கலக்கிறது. இதனாலேயே ஹைட்ரோமீட்டர் என்னும் மிதவைக் கருவியைக் கொண்டு திராவகத்தின் அடர்த்தியைப் பார்த்து, பாட்டரியின் நிலையை அறிய முடிகிறது. அடர்த்தி 1.25 முதல் 1.28 வரை இருப்பின் சார்ஜ் நிறைந்திருக்கிறது என்றும், 1.15-க்குக் கீழ் இறங்கினால் பாட்டரி வெறுமையாகி வருகிறது என்றும் கொள்ளலாம்.

வெறுமையான பாட்டரியைப் பல வாரம் அப்படியே போட்டு வைத்தால், தகடுகளிற் படிந்த கந்தகச் சத்து கெட்டிப்பட்டுவிடும். பின்னர் எவ்வளவு சார்ஜ் செய்தாலும் அது முழுவதும் கரையாது. உழவு முடிந்ததென்று டிராக்டரைக் கொட்டகையில் நிறுத்திவிட்டு, மறு பருவத்தில் பாட்டரி செத்துவிட்டதென்று புதிது வாங்குவோர் பலர். மாதம் ஒரு முறை சார்ஜ் செய்திருந்தால் அச்செலவு பெரும்பாலும் மிஞ்சியிருக்கும்.

வாயுவினால் வரும் அபாயம்

சார்ஜ் நிறையும் தறுவாயில், அதாவது ஓர் அறையின் அழுத்தம் ஏறக்குறைய 2.4 வோல்ட்டை எட்டும்பொழுது, திராவகத்திலுள்ள தண்ணீர் பிரிந்து ஹைட்ரஜன் என்னும் வாயுவும் பிராணவாயுவும் குமிழிகளாக வெளிவரும். ஹைட்ரஜனுக்கு நிறமில்லை, மணமில்லை, ஆதலின் அது சேர்ந்திருப்பதை எவராலும் உணர முடியாது. காற்றில் 100 பங்கிற்கு 4 பங்கு கலந்துவிட்டால் ஒரு சிறு பொறியிலேயே அது தீப்பற்றும். அளவு மிகுந்தால் வெடிக்கும்.

இதனை ஒரு கணக்கால் விளக்கலாம். சார்ஜ் நிறைந்த பிறகும் 12 வோல்ட் பாட்டரிக்குள் 8 அம்பியர் மின்னோட்டம் ஒரு மணி நேரம் சென்றால், ஏறக்குறைய 20 லிட்டர் ஹைட்ரஜன் உண்டாகும். ஒரு மீட்டர் நீளமும், ஒரு மீட்டர் உயரமும், அரை மீட்டர் ஆழமும் உள்ள அலமாரியின் கொள்ளளவு 500 லிட்டர். அந்த 20 லிட்டர் வாயு இவ்வலமாரிக்குள் தேங்கினால் 100-க்கு 4 பங்கு ஆகிவிடுகிறது. எனவே அலமாரிக்குள்ளும், மூடிய அறையிலும் வைத்துச் சார்ஜ் செய்வது எத்தகைய ஆபத்து என்பது விளங்கும்.

இரவில் மின்சாரம் நின்றபொழுது, தண்ணீர் மட்டத்தைப் பார்க்கும் பொருட்டு மூடியைத் திறந்து தீக்குச்சியைக் கிழிப்பார் உளர். அந்தக் கணத்திலேயே பாட்டரி வெடித்து, அதன் துண்டுகளும் திராவகமும் குனிந்து பார்ப்பவரின் முகத்தில் தெறிக்கும். இழந்த கண்ணைத் திரும்பப் பெறுதல் அரிது. பாட்டரியைப் பார்க்க டார்ச் விளக்கையே உபயோகிக்க வேண்டும். அதையும் எட்டத்திலேயே ஏற்றிக்கொண்டு அணுக வேண்டும்.

ஏனைய அபாயங்கள்

திராவகம் தோலைப் புண்ணாக்கும். பருத்தித் துணியை அரித்து ஓட்டையாக்கும். கண்ணிற் பட்டால் பார்வையைக் கெடுக்கும்.

12 வோல்ட் அழுத்தம் மனிதரைத் தாக்காது என்பது உண்மையே. ஆயினும் இரு முனைகளுக்கும் இடையே ஓர் இரும்புத் துண்டு விழுந்தால் நூற்றுக்கணக்கான அம்பியர் மின்னோட்டம் ஒரே சமயத்தில் பாயும். ஸ்பானர் பழுக்கக் காய்ந்துவிடும். கையில் மோதிரமோ காப்போ இருந்து அது முனையில் பட்டால் விரலின் சதை வெந்துபோகும். கழுத்துச் சங்கிலி தொங்கும்படி பாட்டரியின்மேற் குனிவதும் அவ்வாறே தீமை பயக்கும்.

சார்ஜரின் மறுபக்கம் 230 வோல்ட் மின்சாரத்தோடு இணைந்துள்ளது. அது உயிரைக் கொல்ல வல்லது. ஈரத் தரையும், தோல் உரிந்த ஒயரும், எர்த் இல்லாத பிளக்கும் சேருமிடத்தில் சார்ஜரைத் தொடலாகாது.

இடமும் முன்னேற்பாடும்

சார்ஜ் செய்யும் இடம் இருபுறமும் காற்றோட்டமுள்ளதாகவும், மழையும் வெயிலும் படாததாகவும் இருத்தல் வேண்டும். ஹைட்ரஜன் காற்றினும் மிக லேசானது. மேல்நோக்கிச் சென்று கூரையடியில் தங்கும். ஆகையால் சன்னலைத் திறந்துவைப்பதோடு சுவரின் மேற்பாகத்திலும் திறப்பு இருத்தல் நலம். அடுப்பு, சுவாமி விளக்கு, பீடி, சுருட்டு ஆகியவை அருகில் இருக்கலாகாது. வைக்கோற் போரின் பக்கத்திலும், உர மூட்டைகள் அடுக்கிய கிடங்கிலும், குழந்தைகள் உறங்கும் அறையிலும் சார்ஜ் செய்தல் கூடாது. ஒரு வாளி சுத்தத் தண்ணீரும், சிறிது சமையல் சோடாவும் எப்பொழுதும் கைக்கு எட்டுமாறு இருக்க வேண்டும். கண் கண்ணாடியும் ரப்பர் கையுறையும் வாங்க ஆகும் பணம் சிறிது. அவற்றால் காக்கப்படுவது பெரிது.

சார்ஜ் செய்யும் முறை

1. பாட்டரி வெடித்தோ, வீங்கியோ, கசிந்தோ இருந்தால் அதைச் சார்ஜ் செய்யலாகாது.

2. வண்டியிலிருந்து கழற்றும்பொழுது எஞ்சினையும் விளக்குகளையும் நிறுத்திவிட்டு, வண்டியின் சட்டத்தோடு இணைந்த முனையை முதலிற் கழற்ற வேண்டும். பெரும்பாலான வண்டிகளில் அது கழித்தல் குறியுள்ள முனையாகும். திரும்ப மாட்டும்பொழுது அதனைக் கடைசியில் மாட்ட வேண்டும். இங்ஙனம் செய்தால் ஸ்பானர் தவறி வண்டியின் உடலிற் பட்டாலும் பொறி பறக்காது.

3. முனைகளில் பூத்திருக்கும் வெண்பூவைச் சோடா கரைத்த நீரால் துடைக்க வேண்டும். அந்நீர் அறைகளுக்குள் இறங்கவிடலாகாது.

4. சார்ஜர் 12 வோல்ட் பாட்டரிக்கு ஏற்றதா, 6 வோல்ட்டுக்கா என்று பார்க்க வேண்டும். ஈயப் பாட்டரிக்குரிய சார்ஜரை லித்தியம் பாட்டரிக்கு உபயோகிக்கலாகாது.

5. சார்ஜரின் சுவிட்சு அணைந்திருக்கும்பொழுதே சிவப்புக் கிளிப்பைக் கூட்டல் குறியுள்ள முனையிலும், பின்னர்க் கறுப்புக் கிளிப்பைக் கழித்தல் குறியுள்ள முனையிலும் இறுக மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் பாட்டரியும் சார்ஜரும் கெடும்.

6. அதன் பின்னரே சுவிட்சைப் போட வேண்டும்.

7. முடிந்தபின் முதலிற் சுவிட்சை அணைத்து, கறுப்புக் கிளிப்பையும் பிறகு சிவப்புக் கிளிப்பையும் எடுக்க வேண்டும். மின்சாரம் ஓடும்பொழுது கிளிப்பை இழுத்தால் பொறி பறக்கும். வாயு நிறைந்திருக்கும் தருணமும் அதுவே. விபத்துக்கள் பல இந்த ஒரு தவறினால் நேருகின்றன.

எவ்வளவு மின்னோட்டம், எவ்வளவு நேரம்

பாட்டரியின்மேல் அதன் அளவு அம்பியர்-மணியில் குறிக்கப்பட்டிருக்கும். அதில் பத்தில் ஒரு பங்கு மின்னோட்டமே பொதுவாகத் தக்கது. 80 அம்பியர்-மணி பாட்டரிக்கு 8 அம்பியர் போதும். அது பாதி வெறுமையாயிருப்பின் 40 அம்பியர்-மணி தேவை. 8 அம்பியர் வீதம் 5 மணி நேரம் ஆகும். செலுத்தும் மின்சாரத்தில் ஒரு பகுதி வீணாவதால் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி 6 மணி நேரம் என்று கொள்ளலாம். அவசரம் கருதி மின்னோட்டத்தை மிகுத்தால் தகடுகள் வளைந்து, பூச்சு உதிரும்.

தானே நிறுத்திக்கொள்ளும் சார்ஜர்களும் உண்டு. நிறுத்தாத பழைய வகையும் உண்டு. பழைய வகையை இரவு முழுவதும் காவலின்றி ஓடவிடுதல் தவறு. ஹைட்ரோமீட்டரில் ஒரு மணிக்கு ஒரு முறை பார்த்து, அடர்த்தி மூன்று முறை ஒரே அளவாக நின்றால் சார்ஜ் நிறைந்ததென்று அறிந்து நிறுத்த வேண்டும். இடையே திராவகத்தின் உஷ்ணம் 50 டிகிரி செண்டிகிரேடை நெருங்கினாலும், பெட்டி கைபொறுக்காத சூடு கொண்டாலும், அழுகிய முட்டையின் நாற்றம் வீசினாலும், சுவரிலுள்ள மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு விலகி, காற்று நன்கு வீசியபின்னரே அருகிற் செல்ல வேண்டும்.

தண்ணீர் ஊற்றுதல்

பிரிந்து போவது தண்ணீரே, திராவகம் அன்று. ஆகையால் குறையும்பொழுது பாட்டரித் தண்ணீர் என்று கடைகளில் விற்கும் வாலைநீரையே விட வேண்டும், திராவகத்தை விடலாகாது. கிணற்று நீரிலும் குழாய் நீரிலும் உள்ள உப்புக்கள் தகடுகளைக் கெடுக்கும். தகடுகள் வெளியே தெரிந்தால் அவை மூழ்கும் அளவு மட்டும் முதலில் விட்டு, சார்ஜ் நிறைந்தபின் குறிக்கோடு வரையில் விட வேண்டும். முன்னதாகவே நிரப்பினால் சார்ஜ் ஆகும்பொழுது பொங்கி வழியும். திறக்க இயலாதவாறு மூடப்பட்ட பாட்டரிகளை எக்காரணத்தாலும் உடைத்துத் திறக்கலாகாது.

புதுப் பாட்டரிக்குத் திராவகம் கலக்கும் வேலை பயிற்சி பெற்றவருக்கே உரியது. கலக்க நேர்ந்தால் தண்ணீரில் திராவகத்தைச் சிறிது சிறிதாக விட வேண்டும். திராவகத்தில் தண்ணீரை விட்டால் அது கொதித்துத் தெறிக்கும்.

விபத்து நேர்ந்தால்

கண்ணில் திராவகம் பட்டால் இமைகளை விரித்துப் பிடித்துச் சுத்தமான தண்ணீரால் குறைந்தது 20 நிமிஷம் இடைவிடாது கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தாய்ப்பால், விளக்கெண்ணெய், சோடா நீர் எதுவும் கண்ணில் விடலாகாது, கண்ணைக் கசக்கலுமாகாது. தோலிற் பட்டால் நனைந்த துணியைக் களைந்துவிட்டுத் தண்ணீரை நிறைய ஊற்ற வேண்டும். தரையிற் சிந்தியதன்மேல் சோடாவைத் தூவி, நுரை அடங்கியபின் கழுவலாம். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்கச் செய்யலாகாது. வாயைக் கொப்புளிக்கச் செய்து, தாமதமின்றி வைத்தியரிடம் சேர்க்க வேண்டும்.

பழைய பாட்டரி

உபயோகமற்ற பாட்டரியை உடைத்து ஈயத்தை உருக்கி விற்பது சிலருக்கு லாபமாகத் தோன்றும். அப்புகையிலும் மண்ணிலும் கலக்கும் ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் குன்றச் செய்யும். அந்நஷ்டத்தை எந்த லாபமும் ஈடுசெய்யாது. திராவகத்தை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டுவதும் பாதகமே. 2022-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கத்தார் வெளியிட்ட பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பாட்டரி தயாரிப்போர் பழையவற்றைச் சேகரிக்கக் கடமைப்பட்டவர்கள். புதிது வாங்கும் கடையிலேயே பழையதைக் கொடுத்து, விலையில் கழித்துக்கொள்வது உத்தமம்.

சங்கம் செய்யத்தக்கது

அங்கத்தினர் ஒவ்வொருவரும் தனித்தனியே மலிவான சார்ஜர் வாங்கி வீட்டு மூலையில் வைத்துக்கொள்வதைவிட, சங்கம் தரமான ஒன்றை வாங்கிக் காற்றோட்டமுள்ள கொட்டகையில் வைத்து, பழகிய ஒருவரை நியமித்து, சிறு கட்டணத்திற்குச் சார்ஜ் செய்து கொடுத்தல் சிக்கனமும் பாதுகாப்புமாகும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் தேதி, பாட்டரிக்கு உரியவர், தொடங்கிய நேரம், முடிந்த நேரம், முன்னும் பின்னும் இருந்த அடர்த்தி ஆகியவற்றை எழுதி வந்தால், எந்தப் பாட்டரி தளர்ந்து வருகிறது என்பது அது நடுவயலில் கைவிடுவதற்கு முன்னரே தெரிந்துவிடும். பணத்திற்குக் கணக்கு வைக்கும் சங்கத்திற்கு இக்கணக்கு பாரமாகாது.

அங்கத்தினர் கூட்டத்தில் கேட்கத்தக்க வினாக்கள்

1. சார்ஜ் நிறையும் சமயத்தில் வெளிவரும் வாயுக்கள் எவை? அவற்றில் தீப்பற்றுவது எது?

2. கிளிப்பை எடுக்கும் முன் சுவிட்சை அணைக்க வேண்டுவது ஏன்?

3. 100 அம்பியர்-மணி பாட்டரி பாதி வெறுமையாயிருந்தால், தக்க மின்னோட்டம் எவ்வளவு? ஏறக்குறைய எத்தனை மணி நேரம் ஆகும்?

4. மட்டம் குறைந்தால் திராவகம் விடாமல் வாலைநீர் விடுவதன் காரணம் யாது?

5. கண்ணில் திராவகம் பட்டவருக்கு முதலிற் செய்ய வேண்டுவது என்ன? செய்யத்தகாதவை எவை?

இவ்வைந்திற்கும் தடையின்றி விடை சொல்லக்கூடியவரிடமே சங்கத்தின் சார்ஜரை ஒப்படைத்தல் தகும்.