நாள் குறிக்கும் தம்பிக்கு

'இன்று, அன்று' பகுதியில் சினிமாவை இனி நீதான் எழுதப்போகிறாயாம். மனசு நிறைந்துவிட்டது தம்பி. பல வருஷம் அதை எழுதியவன் என்ற உரிமையில் சிலது சொல்கிறேன்.

1. தேதி கிடைத்ததும் பேனாவை எடுக்காதே. அது எதன் தேதி என்று கேள். 1928 மே 15-ல் மிக்கி மவுஸின் 'பிளேன் கிரேஸி'யை ஊமைப்படமாகச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். வாங்க ஆள் வரவில்லை. வால்ட் டிஸ்னியும் படம் வரைந்த அப் ஐவர்க்ஸும் அதோடு ஓய்ந்துவிடவில்லை. 'ஸ்டீம்போட் வில்லி'க்குச் சத்தம் சேர்த்து, நவம்பர் 18-ல் நியூயார்க் காலனி தியேட்டரில் ஓட்டினார்கள். மிக்கியின் பிறந்தநாளென்று உலகம் கொண்டாடுவது இந்த நாளைத்தான். நீ மே மாதத்தையும் ஒரு வரி சொல். நிழலின் அருமை வெயிலில்தானே தெரியும்.

2. கிழமையைச் சரிபார். கிழமை இடித்தால் தேதியும் இடிக்கும்.

3. திருத்த வருகிறவரிடம் முகம் சுளிக்காதே. 'காஸாபிளாங்கா' நியூயார்க்கில் முதலில் ஓடியது 1942 நவம்பர் 26, வியாழன்; அமெரிக்கர்களின் நன்றி கூறும் நாள். மற்ற ஊர்களுக்குப் போனது 1943 ஜனவரி 23-ல். ஆஸ்கர் கணக்கிலோ அது 1943-ன் படம். யார் சொல்வதும் பொய்யில்லை. எங்கள் பழைய ஆசிரியர், வாசகர் போடும் கார்டுகளைக் கம்பியில் குத்தி மேஜைமேலேயே வைத்திருப்பார். பதில் எழுதிய பிறகுதான் ஒவ்வொன்றாக உருவுவார். அந்தப் பொறுமை உனக்கும் வர வேண்டும்.

4. விழாவுக்கு வராதவர் யார் என்று தேடு. இதை மட்டும் மறக்கவே மறக்காதே. 1939 டிசம்பர் 15, அட்லாண்டாவில் 'கான் வித் தி விண்ட்' முதல் காட்சி. ஜார்ஜியா மாநிலத்துக்கே விடுமுறை விட்டார்கள். படத்தில் 'மேமி' என்ற பாத்திரமாக வாழ்ந்து காட்டிய ஹாட்டி மெக்டேனியல் அங்கே இல்லை. கறுப்பர், வெள்ளையர் சேர்ந்து உட்காரக் கூடாதென்பது அந்த ஊர்ச் சட்டம். அடுத்த பிப்ரவரியில் அவருக்குத் துணை நடிகை ஆஸ்கர் கிடைத்தது. ஆஸ்கர் வாங்கிய முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான். விருது வழங்கிய அந்த விருந்திலும் அவரைத் தனி மேஜையில்தான் உட்காரவைத்தார்கள். பிரமாண்டத்தைக் கொஞ்சம் குறைத்தாவது இதை எழுது.

5. அந்த விருது நாள் 1940 பிப்ரவரி 29. மூன்று வருஷம் காலண்டரில் அவருக்கு இடமிருக்காது. நீ 28-லேயே போட்டுவிடு தம்பி.